டேக் தூங்கிய ஒரு மணி நேரம்

அந்த ஆபீஸில் அவளுக்கு மைக்ரோ அக்கா என்று பெயர். யார் வைத்தது என்று கேட்டால் ஒன்பது பேரும் ஒன்பது பக்கம் கையைக் காட்டுவார்கள். ஆம்பியர் என்றால் மின்சாரம் ஓடும் அளவு. அதைப் பத்து லட்சம் துண்டாக்கினால் அதில் ஒரு துண்டுதான் மைக்ரோ ஆம்பியர். அந்தத் துண்டில் இரண்டு கூடிப்போய்விட்டது என்று சொல்லி, முடித்த வேலையைத் திருப்பி அனுப்புகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? அவளுக்கும் அதில் வருத்தம் கிடையாது. போனை எடுத்தால் "மைக்ரோ பேசறேன்" என்றுதான் ஆரம்பிப்பாள்.

அவர்கள் செய்வது தீப்பெட்டி அளவுக்கு ஒரு டேக். ஞாபகம் தப்பி வீட்டை விட்டுக் கிளம்பிவிடுகிறவர்களின் இடுப்பு பெல்ட்டில் மாட்டிவிடுவது. உள்ளே ஒரு சிப், கம்பியில்லாமல் பேச ஒரு ஆன்டெனா, கோட்டுப் பொத்தான் அளவில் ஒரு பட்டன் செல். அந்தச் செல் ஒரு வருஷம் தாங்க வேண்டும். இந்த மாதிரிச் செல்களைத் தாங்க வைப்பதுதான் பத்தொன்பது வருஷமாக அவள் வேலை. கேட்கச் சப்பென்று இருக்கும். செய்து பார்த்தால் நாக்குத் தள்ளிவிடும்.

டேக் எந்நேரமும் விழித்திருக்காது. பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை எழுந்து, 'இங்கே இருக்கிறேன்' என்று ஒரு சொல் சொல்லும். தனக்கு ஏதாவது உத்தரவு இருக்கிறதா என்று இமைக்கும் நேரம் காது கொடுக்கும். பிறகு தூங்கிவிடும். ஊருக்குள் முப்பது மொட்டை மாடிகளில் ரிசீவர் பெட்டிகள் இருக்கின்றன. ஏதாவது ஒரு பெட்டியின் காதில் அந்தச் சொல் விழும், அது ஆபீஸ் திரைக்கு வந்துவிடும். தூக்கத்தில் டேக்குக்கு ஒரு மைக்ரோ ஆம்பியர் செலவு. விழித்துவிட்டால் அதைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல். அவள் பிழைப்பெல்லாம் அந்த விழித்திருக்கும் நேரத்தோடுதான்.

அவள் புருஷன் முப்பது வருஷம் அச்சகத்தில் மெஷின் ஓட்டியவர். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நாள் காலையில் குளித்துவிட்டு வந்தார், தலையைத் துவட்டினார், மறுபடி குளிக்கப் போனார். மூன்றாவது முறை அவள் கதவை மறித்து நின்றபோது, "குளிக்காம எப்படி வேலைக்குப் போறது?" என்று கேட்டார். அச்சகத்தை மூடி அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அன்றைக்கு அவள் வழியை விட்டுவிட்டாள். மூன்றாவது முறையும் குளித்தார். அதன் பிறகு அவருடைய தங்கை, தனிக்கட்டை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அவர்களோடு தங்கிவிட்டாள். பகலில் அண்ணனை அவள் பார்த்துக்கொள்வாள், மைக்ரோ அக்கா வேலைக்குப் போவாள். நாத்தனாருக்கும் அண்ணிக்கும் சமையலறையில் தினமும் ஒரு உரசல் உண்டு. ஆனால் அண்ணன் விஷயத்தில் இருவரும் ஒரே கட்சி.

இனிமேல் சொல்லப்போவதுதான் சங்கடம். சொல்லாமல் விட்டால் கதை நகராது.

சிப்புக்குள் ஒரு கடிகாரம் உண்டு. மணி காட்டுகிற கடிகாரம் இல்லை, வேலையை ஓட்டுகிற துடிப்பு. வினாடிக்கு ஆறு கோடியே நாற்பது லட்சம் தடவை துடிக்கும். அறுபத்து நாலு மெகாஹெர்ட்ஸ் என்பார்கள். துடிப்பு வேகமாக இருந்தால் வேலை சட்டென்று முடியும், ஆனால் மின்சாரத்தையும் அதிகமாக இழுக்கும். ஐந்து மாதத்துக்கு முன் மைக்ரோ அக்காவுக்கு ஒரு யோசனை வந்தது. துடிப்பை எட்டு மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கிவிட்டால் என்ன? மேசையில் வைத்து அளந்தாள். நான்கு மில்லி ஆம்பியர் இழுத்த இடத்தில் ஒன்றேகால்தான் இழுத்தது. கணக்குப்படி ஒரு வருஷச் செல் பதினாறு மாதம் வரும். அன்று முழுக்க அவள் முகத்தில் அப்படி ஒரு களை. புதிதாக எதைச் செய்தாலும் ஊருக்குக் கொடுக்கும் முன் தன் வீட்டில் ஒன்றைச் சோதித்துப் பார்ப்பது அவள் பழக்கம். மெதுவான புரோகிராம் போட்ட ஒரே ஒரு டேக், அவள் புருஷன் இடுப்பில் ஏறியது.

வாரம் தவறாமல் அதன் வோல்ட்டைப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. பட்டன் செல்லின் குணமே அதுதான். தீருகிற வரைக்கும் ஒன்றும் ஆகாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருக்கும், தீரும்போது திடீரென்று சரியும். இது அவளுக்குத் தெரியாததா என்ன? தெரியும். தெரிந்தும் தன் கணக்கை நம்பினாள்.

வெயில் ஏறிய ஒரு காலையில், பதினொன்றரை மணிக்கு, நாத்தனார் போன் செய்தாள்.

"அண்ணி, அண்ணனக் காணோம். துணி காயப்போட மாடிக்குப் போனேன். அஞ்சே நிமிஷம். தாழ்ப்பாளத் தொறந்துட்டுப் போயிருக்கார். முக்கால் மணி நேரமாத் தெருத்தெருவாத் தேடிட்டேன், இல்ல."

"பதறாத. டேக் போட்டிருக்கார் இல்ல?"

"பெல்ட்டக் காணோம். போட்டுட்டுத்தான் போயிருக்கணும்."

மைக்ரோ அக்கா திரையைத் திறந்தாள். டேக் கடைசியாகப் பேசியது பதினொன்று இருபதுக்கு. வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரில், சரக்கு ரயில் யார்டுப் பக்கம் உள்ள பெட்டி கேட்டிருந்தது. அதைப் பார்த்து அவளுக்கு மூச்சு வந்தது. அடுத்த நொடியே பக்கத்தில் இருந்த எண்ணைப் பார்த்தாள். இரண்டு புள்ளி இரண்டு மூன்று வோல்ட். போன வாரம் அது இரண்டே முக்காலுக்கு மேல் இருந்தது.

பதினொன்று முப்பது: இரண்டு புள்ளி ஒன்று ஆறு. பதினொன்று நாற்பது: இரண்டு புள்ளி ஒன்று பூஜ்யம். ஒவ்வொரு சொல்லுக்கும் செல் ஒரு படி இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்று புள்ளி எட்டுக்குக் கீழே போனால் சிப் நின்றுவிடும். நின்றது நின்றதுதான்.

ஐந்து மாதத்தில் ஒரு செல் எப்படித் தீரும்? அவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்த கணத்தில் பதில் வந்துவிட்டது.

கண்டவன் கேட்டு ஆளைப் பின்தொடர்ந்துவிடக் கூடாது என்று, டேக் தன் ஒவ்வொரு சொல்லையும் ரகசியக் குறியாக மாற்றி, பூட்டுப் போட்டுத்தான் அனுப்பும். அந்தப் பூட்டுப் போடுவது சிப்புக்குப் பெரிய கணக்கு. மேசையில் சோதிக்கும்போது மட்டும், படிக்க வசதியாக, பூட்டைக் கழற்றிவிடுவார்கள். அவள் அளந்தது பூட்டில்லாத டேக்கை. அவர் இடுப்பில் இருப்பது பூட்டுள்ள டேக். வேகமான துடிப்பில் வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் பூட்டிவிட்டுத் தூங்கப் போயிருக்க வேண்டிய சிப், மெதுவான துடிப்பில் எட்டு மடங்கு நேரம் விழித்திருந்து பூட்டியிருக்கிறது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, இரவும் பகலும், ஐந்து மாதம். அடுப்பைச் சிம்மில் வைத்து, சிலிண்டரை மிச்சம் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு, பருப்பை நாள் முழுக்க வேகவிட்ட கதை. நேற்று வேலைக்குச் சேர்ந்தவன் செய்தால் அவனை ஒரு வாரம் கேலி செய்திருப்பாள்.

ரேடியோ வேலை பார்ப்பவர் ஓடி வந்தார். நெட்டையாக, ஒல்லியாக இருப்பார் என்பதால் அவருக்கு ஆன்டெனா என்று பெயர்.

"அக்கா, ஒரே ஒரு பெட்டிதான் கேக்குது. அத வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. சுத்தி அரைக் கிலோமீட்டர்ல எங்க வேணா இருக்கலாம். முழு சத்தத்துல பேசச் சொல்லி உத்தரவு அனுப்புங்க. மூணு பெட்டி கேட்டாத்தான் எடம் தெரியும்."

"இப்ப இருக்கற செல்லுல முழு சத்தத்துல பேசினா வோல்ட் ஒரேயடியா விழும்ப்பா. பாதிச் சொல்லுலயே செத்துடும்."

"அப்ப இப்படியே பேச விடுவோமா?"

"இப்படியே விட்டா இன்னும் மூணு தடவ, நாலு தடவ. அதுவும் அந்த ஒரே பெட்டிதான் கேக்கும்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வழி ஒன்று இருந்தது, அது இருவருக்கும் தெரியும், யார் முதலில் சொல்வது என்றுதான் தயக்கம். சோர்ந்த செல்லுக்கு ஓய்வு கொடுத்தால் கொஞ்சம் தெம்பு திரும்பும். நிரந்தரமாக இல்லை, ஒரு சத்தம் போடும் அளவுக்கு. ஒரு மணி நேரம் தூங்கு, எழுந்ததும் துடிப்பை அறுபத்து நாலுக்கு ஏற்றிச் சட்டென்று பூட்டு, பிறகு முழு சத்தத்தில் மூன்று முறை கத்து. இப்படி ஒரு உத்தரவு போடலாம். ஆனால் தூங்கப் போன டேக்கை நடுவில் எழுப்ப முடியாது. அந்த ஒரு மணி நேரம் அவர் எங்கே போனாலும், எதில் விழுந்தாலும், யாருக்கும் தெரியாது.

அதற்குள் நாத்தனார் ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டாள். கூந்தலைக்கூட முடிந்திருக்கவில்லை, ஒரு காலில் வீட்டுச் செருப்பு, மறு காலில் வெளிச் செருப்பு. "எங்க இருக்கார், சொல்லுங்க, போலாம்" என்றாள். மைக்ரோ அக்கா விஷயத்தைச் சொன்னாள்.

"ஒரு மணி நேரம் கேக்காம இருக்கறதா? அண்ணி, உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா? பக்கத்துல ரயில் தண்டவாளம் இருக்கு."

"தெரியும்."

"இந்த வெயில்ல தண்ணிகூடக் குடிக்கத் தெரியாது அவருக்கு. யாராவது குடுத்தாத்தான் குடிப்பார்."

"தெரியும்டி."

"எல்லாம் தெரியும்னா, இன்னொரு தடவ கேட்டுப் பாத்துட்டு அப்புறம் தூங்க வைங்க. ஒரே ஒரு தடவ."

ஒரே ஒரு தடவை. மைக்ரோ அக்காவுக்கும் அந்த ஆசை தொண்டை வரைக்கும் வந்தது. பன்னிரண்டு மணிக்கு டேக் பேசும். அதைக் கேட்ட சந்தோஷத்தில் பன்னிரண்டு பத்துக்கும் கேட்கத் தோன்றும். பிறகு கேட்க ஒன்றும் இருக்காது. உத்தரவைத் தட்டி வைத்தாள். பன்னிரண்டு மணிக்கு டேக் எழுந்தது: இரண்டு புள்ளி பூஜ்யம் ஒன்று. உத்தரவை வாங்கிக்கொண்டு தூங்கப் போனது. அதே யார்டுப் பெட்டி. வேறு ஒன்றும் தெரியவில்லை.

மூவரும் கிளம்பினார்கள். போலீஸுக்குச் சொல்லியாகிவிட்டது. போட்டோ அனுப்புங்கள், வண்டி வரும் என்றார்கள். யார்டைச் சுற்றி வரிசை வரிசையாகக் கிடங்குகள், நடுநடுவே லாரி நிற்கும் சந்துகள், பின்னால் தண்டவாளம். ஆன்டெனா ஸ்கூட்டரில் ஒரு பக்கம் போனார். பெண்கள் இருவரும் மறு பக்கம் நடந்தார்கள். போனில் இருந்த அவர் படத்தை லோடு ஏற்றுகிறவர்களிடம் காட்டினார்கள், செக்யூரிட்டிகளிடம் காட்டினார்கள். "பாக்கலையேம்மா" என்பதை எத்தனை விதமாகச் சொல்லலாமோ அத்தனை விதமாகவும் கேட்டார்கள். ஒருவன், "இப்படி ஆளுங்களப் பூட்டி வெக்கறதில்லையா?" என்றான். நாத்தனார் அவனை ஒரு பார்வை பார்த்தாள், அவன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

பன்னிரண்டரை ஆனது. ஒரு சரக்கு ரயில் நீளமாக ஊதிக்கொண்டு போனது. அது போய் முடிகிற வரைக்கும் இருவரும் நின்ற இடத்தில் நின்றார்கள். பிரேக் போடுகிற சத்தம் ஏதும் வரவில்லை. அப்புறம்தான் காலை எடுத்து வைத்தார்கள்.

"அண்ணி, கைல போன வெச்சுக்கிட்டே நடக்கறீங்களே, அதக் கேக்கக் கூடாதா? மாத்திச் சொல்ல முடியாதா?"

"முடியாது. தூங்குது."

"முடியாதா, மாட்டீங்களா?"

மைக்ரோ அக்கா நின்றுவிட்டாள். வெயிலில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசிக்கக்கூட அவளுக்குத் திராணி இல்லை.

"முடியாதுடி. இன்னொண்ணு கேட்டுக்கோ. அந்தச் செல்லு இன்னும் ஏழு மாசம் வந்திருக்கணும். என் கணக்குத் தப்பாப் போனதாலதான் தீந்து போச்சு. மிச்சம் பிடிக்கறேன்னு நான்தான் அதக் கெடுத்தேன். அவர் இன்னிக்குக் கெடைக்கலன்னா அது என்னாலதான். நீ மாடிக்குப் போனதால இல்ல."

நாத்தனார் திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அதையெல்லாம் அவர் கெடச்சப்புறம் பேசிக்கலாம், இப்ப நடங்க" என்றாள். அதற்குப் பிறகு 'இன்னொரு தடவ கேளுங்க' என்ற பேச்சே அவள் வாயிலிருந்து வரவில்லை.

ஒரு மணி. இருவரும் ஒரு கிடங்கின் நிழலில் நின்று போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எண் மாறவில்லை. ஒரு மணி ஒரு நிமிஷம். தூங்கும்போது நேரம் பார்ப்பதற்கு டேக்கில் வேறொரு கடிகாரம் உண்டு, மட்டமான சரக்கு, வெயிலில் பின்தங்கும் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன? ஒன்று இரண்டு. நாத்தனார் அவள் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்திச் சதையில் ஏறியது. செத்திருக்கும். உத்தரவைப் படிக்கும்போதே செத்திருக்கும். இந்த ஒரு மணி நேரமாக இல்லாத ஒன்றுக்காகக் காத்திருக்கிறோம். கடவுளே, என் கணக்கில் இன்னொரு தப்பு வேண்டாம், இதோடு போதும் என்று மைக்ரோ அக்கா வாய்விட்டே சொன்னாள்.

ஒன்று மூன்றுக்கு எண் மாறியது. முதல் சத்தத்தை மூன்று பெட்டிகள் கேட்டிருந்தன. இரண்டாவது பாதியில் அறுந்து வந்தது. மூன்றாவது வரவே இல்லை. ஒன்று போதும். திரையில் மூன்று வட்டங்களும் வெட்டிக்கொண்ட இடம், கிடங்குகளின் பின்னால், தண்டவாளத்தைக் கடக்கும் நடைபாலத்தின் இந்தப் பக்கத்துப் படிக்கட்டு. அவர்கள் நின்ற இடத்திலிருந்து நானூறு அடிகூட இருக்காது.

ஓடினார்கள். இந்த ஐம்பது வயதுக்குள் அவள் ஒரு நாளும் அப்படி ஓடியதில்லை.

படிக்கட்டின் அடியில் நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். நடுவில் அவர் கால் நீட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உயிரோடு. ஒரு கணுக்கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பி, வீங்கிப் போயிருந்தது. நெற்றியில் ரத்தம் காய்ந்திருந்தது. பக்கத்தில் எண்ணெய்க் கையோடு ஒருவர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு குத்துக்காலிட்டிருந்தார். எதிரே பஞ்சர் கடை வைத்திருப்பவர். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

"உங்க ஆளாம்மா? பன்னெண்டு மணிலேருந்து என் கடை பெஞ்சுலதான் உக்காந்திருந்தார். தண்ணி குடுத்தேன், குடிச்சார். யாரையோ எதிர்பாக்கறார்னு நெனச்சேன். முக்கால் மணி நேரம் அசையாம உக்காந்திருந்தார். அப்புறம் எழுந்து பாலத்துல ஏறினார், உச்சிப் படிலேருந்து கால் தடுக்கி உருண்டுட்டார். இப்ப ஒரு இருபது நிமிஷம் இருக்கும்."

பன்னிரண்டிலிருந்து பன்னிரண்டே முக்கால் வரை. மைக்ரோ அக்காவின் மூளை கேட்காமலே கூட்டிக் கழித்தது. டேக் தூங்கிய ஒரு மணி நேரத்தில் முக்கால் மணி அவர் ஒரு பெஞ்சில், நிழலில், அடிபடாமல் உட்கார்ந்திருக்கிறார். அவர்கள் ஒரு சந்து தள்ளி அலைந்திருக்கிறார்கள். அந்த டேக்கில் அவள் கை வைக்காமல் இருந்திருந்தால், கேட்ட நேரத்துக்கு முழு சத்தத்தில் பதில் சொல்லியிருக்கும். இந்நேரம் அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அவள் அவர் முன்னால் உட்கார்ந்தாள்.

"என்னங்க" என்றாள்.

அவர் அவளை நிதானமாகப் பார்த்தார். அச்சகத்துக்கு வரும் முன்பின் தெரியாத வாடிக்கையாளர்களைப் பார்ப்பது போல, மரியாதையாக. வலியில் உதடு கோணியது, ஆனாலும் பேச்சில் பதற்றம் இல்லை.

"ஒண்ணும் பயமில்லம்மா. என் வீட்டுக்காரி வந்துடுவா. இதோ பாருங்க, பெல்ட்டுல ஒரு பெட்டி மாட்டி விட்டிருக்கா. நான் எங்க போனாலும் அவளுக்குத் தெரிஞ்சுடும். எல்லாம் கணக்குப் போட்டு வெச்சிருக்கா. அவ போட்ட கணக்கு ஒரு நாளும் தப்பினதில்ல."

பின்னால் நின்ற நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.  நான்தாங்க அது, தப்பிப் போச்சுங்க என்று சொல்ல மைக்ரோ அக்கா வாயெடுத்தாள். அவர் முகத்தில் இருந்த நம்பிக்கையைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

"வந்துடுவாங்க" என்றாள். "அதுவரைக்கும் நான் பக்கத்துல உக்காந்துக்கட்டுமா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு காலை அசைக்காமல், வலியோடு, ஒரு சாண் நகர்ந்துகொண்டார்.

"உக்காருங்க. அவ வந்தா மட்டும் கொஞ்சம் எடம் விட்டுருங்க" என்றார்.

"சரிங்க" என்று சொல்லிவிட்டு அவள் அந்த ஒரு சாணில் உட்கார்ந்தாள்.